புத்தூர்க் கட்டுக்குப் போன சிப்பி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் மகள் தபிதா சித்தூருக்கு வந்து, தன் பறவையைத் திருப்பதிக்கு எடுத்துப் போவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலையில் அந்தப் பறவை நொண்ட ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் ஞானசிங் அன்றைக்கு இட்லியைத் தொடவில்லை. பணிக்காலம் முழுக்க ஆர்டிசி பஸ் ஓட்டியவர். ஓர் ஆட்டுக்குட்டியின் மேல்கூடச் சக்கரத்தை ஏற்றாதவர் என்று டிப்போவில் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். அது எங்கள் ஷோகேஸில் வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் காபி. அப்படிப்பட்ட மனிதர், உள்ளங்கை அளவுப் பறவையின் காலைத் தானே ஒடித்துவிட்டதாக முடிவு கட்டிக்கொண்டால் வீடு என்னவாகும்?

"நான்தான் கிருபா. நேத்து அவ உள்ள போறதுக்குள்ள அவசரப்பட்டுக் கூண்டுக் கதவ சாத்திட்டேன். கால் மாட்டிகிச்சி."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா மாட்டிகிச்சி."

பறவையின் பெயர் சிப்போராள். மோசேயின் மனைவி பெயர். அந்தப் பெயருக்குப் பறவை என்று அர்த்தமாம். பாஸ்டர் பிரசங்கத்தில் சொன்னதை தபிதா பிடித்துக்கொண்டாள். கூப்பிடுவது சிப்பி. கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அந்தச் சின்னக் கிளி. பச்சை உடம்பு, மஞ்சள் முகம்.

தபிதா கல்யாணமாகித் திருப்பதியில் அலிபிரி பக்கம் குடிபோனபோது, அங்கே வீட்டுச் சொந்தக்காரர் பறவை கிறவை கூடாது என்று சொல்லிவிட்டார். சிப்பி எங்களிடம் வந்தாள். அந்த மாதம்தான் இவர் ரிட்டயர் ஆகியிருந்தார். "நான் இன்னா பட்சிக் கடையா வச்சிகினுகீறேன்?" என்று வீடு அதிரக் கத்தினார். அடுத்த வாரமே சிப்பி அவர் தோளில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்குத் திருப்பதி ரூட்டைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். "பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி, திருப்பதி" என்று நாளெல்லாம் ஒரே பேச்சு. கல்யாணமான நாள் முதல் என்னோடு பேசாமல் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் அவளிடம் கொட்டினார். எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

இப்போது தபிதாவுக்கு நல்ல மனசுக்கார வீட்டுச் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார். "ஞாயித்துக்கெழம வந்து சிப்பிய கூட்டிகினு போறேன் நைனா" என்று போனில் சொன்னாள். "உன் பட்சிதானேம்மா, தாராளமா" என்றார் இவர். அப்புறம் உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கூண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கொடுக்க மனசில்லை. அதைச் சொல்லவும் வாயில்லை. இந்த நிலையில்தான் அவள் காலை இழுத்தாள். கொடுப்பதே கஷ்டம், அதிலும் ஒடித்துக் கொடுப்பதா என்று மனிதர் உடைந்துபோனார். தபிதாவுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார்.

எனக்கு வேறு சந்தேகம் இருந்தது. சில நாட்களாகவே சிப்பி கூண்டுக்குக் கீழே விரித்த பேப்பரைக் கிழித்துக் கிழித்து மூலையில் சேர்த்தாள். சுண்ணாம்புச் சத்துக்காக நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வைத்த கடல்நுரைக் கட்டியை விடாமல் கொறித்தாள். அடிவயிறு வேறு உப்பியிருந்தது.

"இவ முட்டை வைக்கப் போறாங்க" என்றேன்.

"ஆம்பள பட்சியே இல்லாத வீட்ல முட்டை எப்டி வரும்?"

"பக்கத்து வீட்டுக் கோழி சேவலைக் கேட்டுகினா வைக்குது?"

"சரி, முட்டையே இருக்கட்டும். முட்டைக்கும் காலுக்கும் இன்னா சம்பந்தம்? சொல்லு."

 பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

இவர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் மாடுகளுக்கு ஊசி போட கிராமத்துக்குப் போயிருந்தார். இவர் வீட்டுக்குத் திரும்பும்போதே முகத்தில் ஒரு தெளிவு. அந்தத் தெளிவு எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் கை, கால் என்று எவருக்கு எது ஆனாலும் அடுத்த வார்த்தை ஒன்றுதான். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள்கூட வழுக்கி விழுந்தால் அங்கேதான் பஸ் ஏறுவார்கள்.

"புத்தூரு" என்றார்.

"பட்சிக்கா?"

"காலு காலுதானே?"

 எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற புத்தூர்க்காரர்கள் காலைப் பிடித்து இழுத்து, வயிற்றில் நிஜமாகவே முட்டை இருந்து உடைந்தால் சிப்பி செத்துப்போவாள். சொன்னால் கேட்கிற ஆளா இவர்? கூடவே போய்த் தடுப்பது என்று நானும் புடவை மாற்றினேன்.

செருப்பு டப்பாவில் ஓட்டைகள் போட்டு, உள்ளே தன் பழைய காக்கிச் சட்டையை மடித்து விரித்தார். அந்தச் சட்டையை நான் தரை துடைக்கக் கேட்டபோது தரமாட்டேன் என்று சண்டை போட்டவர். சிப்பி அதன்மேல் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கார்வேட்டிநகரம் வழியாகப் போகிற பஸ். கண்டக்டர் பாஸ்கர் இவரோடு வேலை செய்தவன். "இன்னாண்ணா, டப்பால இன்னா?" என்றான்.

"பேஷண்ட்டு."

பாஸ்கர் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, எங்களை முன் சீட்டில் உட்கார வைத்தான். அங்கேதான் வினை. "பள்ளம் வருது. மெல்ல, மெல்ல. இப்ப கியரை மாத்து" என்று இவர் டிரைவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓட்ட ஆரம்பித்தார். சின்ன வயசுப் பையன், கொஞ்ச நேரம் பொறுத்தான். அப்புறம் தெலுங்கில், "அன்னா, மீரே ஒச்சி நடபண்டி" என்றான். நீங்களே வந்து ஓட்டுங்கள் என்று சொன்னது பஸ் முழுக்கக் கேட்டது. இவருக்கு மட்டும் கேட்கவில்லை. டப்பாவைக் கையில் தூக்கிப் பிடித்து, பள்ளத்துக்குப் பள்ளம் தானே ஸ்பிரிங் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

புத்தூரில் கட்டுப் போடும் இடத்தில் நல்ல கூட்டம். பெஞ்சு முழுக்கத் தூக்கிய கையும் நீட்டிய காலுமாக ஜனங்கள். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் கலந்த வாசனை. கட்டுக்கு அதைத்தான் தடவுகிறார்கள். முட்டையைக் காப்பாற்ற நினைத்த நான், அடுக்கடுக்காக முட்டை உடைக்கிற இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தேன்.

எங்களுக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்து வெங்கடலட்சுமி, வரப்பில் விழுந்து மணிக்கட்டு வீங்கிய அம்மாள். எதிரே, மாமரத்திலிருந்து விழுந்து மூங்கில் பத்தை கட்டிய காலோடு துலுக்காணம் என்ற பெரிய மீசைக்காரர். டப்பாவில் என்ன என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் தங்கள் வலி மறந்துவிட்டது.

"சளி புடிச்சிகீது" என்றார் துலுக்காணம்.

"அதெல்லாம் இல்ல, கண்ணு பட்டுகீது. மொளகா சுத்திப் போடு" என்றாள் வெங்கடலட்சுமி.

"கால் ஒடஞ்சிகீது" என்றார் இவர்.

"முட்டை" என்றேன் நான். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் சிப்பிக்கு மூச்சு வாங்கியது. வால் ஏறி இறங்கியது, இறக்கைகள் தளர்ந்து தொங்கின, கண்கள் பாதி மூடின.  "கிருபா, போவுதுடி… எங்கிட்டக் குட்த்தது போவுது" என்று இவர் என் கையைப் பிடித்தார். கண்ணில் தண்ணீர். என் மாமனார் இறந்த அன்றுகூட ஒளிந்து அழுத மனிதர், முன்பின் தெரியாத அத்தனை பேருக்கு நடுவில் அழுதார். எனக்கும் தைரியமெல்லாம் கரைந்து ஓடியது. முட்டை என்று அடித்துச் சொன்னேனே தவிர, உறுதியாக எனக்கென்ன தெரியும்? ஆண்டவரே, நான் சொன்னதே சரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ முறை அப்படி வேண்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும்தான் ஜம்பத்துக்காக வேண்டவில்லை.

வெங்கடலட்சுமி டப்பாவுக்குள் குனிந்து பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்து, "யம்மா! இவ முக்குறாடி!" என்றாள். அப்புறம் ஹாலைப் பார்த்து ஒரு அதட்டல். "ஆம்பளைங்கல்லாம் அந்தாண்ட திரும்புங்க! பொம்பள புள்ள அவஸ்தப்படுது!"

திரும்பினார்கள். கை ஒடிந்தவர்கள், கால் ஒடிந்தவர்கள், அவர்களோடு வந்தவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். துலுக்காணம் முகத்தைத் திருப்பிக்கொண்டே தன் துண்டை எடுத்து, கையை நீட்டி டப்பாவுக்கு மறைப்பாகப் பிடித்தார். சத்தம் அடங்கியது. இவரும் சுவரைப் பார்த்து நின்றார். எங்கள் சபையில் இவரை ஜெபிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. காது கொடுத்துக் கேட்டேன்.

"பூதலப்பட்டு… பாகாலா… சந்திரகிரி…"

திருப்பதி வருவதற்குள் முட்டை வந்துவிட்டது.

காக்கிச் சட்டையின் பாக்கெட்டுக்கு மேலே, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை வெளேரென்று கிடந்தது. நான் கத்திய கத்தலில் உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "குட்டு பெட்டிந்தி! முட்டை வச்சிட்டா!" என்று தெலுங்கிலும் தமிழிலும் செய்தி பெஞ்சுக்குப் பெஞ்சு ஓடியது. கை தட்ட முடிந்தவர்கள் தட்டினார்கள். கட்டுப் போட்ட கைக்காரர் ஒருவர் நல்ல கையால் தொடையில் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "ஞானசிங்! கையா, காலா?"

"எங்க வேல முடிஞ்சிட்ச்சிங்க" என்றார் இவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சிப்பி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். என் விரலில் தொட்டு வைத்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு மெல்ல எழுந்து, இரண்டு காலையும் ஊன்றிச் சட்டைக் காலரின் மேல் ஏறி நின்று, எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். இவர் ஹாலில் இருந்த எல்லாருக்கும் டீ சொன்னார். சத்தியத்தை அவரே உடைத்து, தபிதாவுக்கு வீடியோ கால் போட்டார்.

"நைனா, முட்டை உள்ள அழுத்தினா காலு அப்டித்தான் நொண்டும். அதுக்கு யாராவது புத்தூருக்குப் போவாங்களா?" தபிதா சிரித்த சிரிப்பில் அவள் புருஷன் சைமன் பயந்து ஓடிவந்தான். சிரித்து முடித்ததும் சொன்னாள்: "ஆம்பள பட்சி இல்ல, அதனால குஞ்சு பொரிக்காது. ஆனா அவ அடையில உக்காருவா. இப்ப எடம் மாத்துனா பயந்துடுவா. அவளா எழுந்திரிக்கட்டும், அப்பறம் வந்து கூட்டிகினு போறேன்."

"நீ சொன்னா சரிம்மா" என்றார் இவர். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவர் மறைக்கப் பார்த்தார். மறைக்கத் தெரியவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீடு பிரசவ வார்டு. தேங்காய்த் தொட்டியில் மரத்தூள் போட்டுக் கூடு. தினை, கொத்தமல்லித் தழை, பொடி செய்த கடல்நுரை. இன்னும் சில முட்டைகள் வந்தன. இவர் டிவி சத்தத்தைக் குறைத்தார், மிக்ஸியைப் பின்பக்கம் எடுத்துப் போய் அரைக்கச் சொன்னார். தினமும் மாலையில் திருப்பதிக்குப் போன்: "அடையில கீறாம்மா. அசையவே மாட்றா."

கொஞ்ச நாளில் சிப்பிக்கு அலுத்துவிட்டது. ஒரு காலையில் முட்டைகளை விட்டு எழுந்து, நேராக வந்து இவர் தோளில் உட்கார்ந்து பேப்பரின் ஓரத்தைக் கிழித்தாள். அன்று மாலையும் இவர் போன் போட்டார். நான் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இன்னும் அடையிலதாம்மா கீறா. எழுந்திரிக்கற மாதிரியே தெரியல."

தோளில் இருந்த சிப்பி அவர் காது முடியைப் பிடித்து இழுத்து, போனுக்குள் வாய்வைத்த மாதிரி ஒரு கத்து கத்தினாள்.

 "நைனா, அடையில கீறவ உங்க காதுகிட்ட எப்டி வந்தா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டவர் தானே சமாளிக்கட்டும்.

"அது வந்தும்மா… இன்னிக்கித்தான்…"

"அவ அங்கியே இருக்கட்டும் நைனா" என்றாள் தபிதா. இப்போது அவள் சிரிக்கவில்லை. "வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன் இல்ல?"

"உன் பட்சியாச்சேம்மா. நான் எப்டி கேப்பேன்?"

"நான் உங்க பொண்ணுதானே? எங்கிட்டக் கேக்காம யாருகிட்டக் கேப்பீங்க?"

இவர் போனை என் கையில் திணித்துவிட்டு, தோளில் பறவையோடு வாசல் பக்கம் போய் நின்றார். முதுகு குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று போய்ப் பார்த்தேன்; இரண்டும்தான்.

இப்போது ஷோகேஸில் பதக்கத்துக்குப் பக்கத்தில் பஞ்சு வைத்த கிண்ணத்தில் அந்த முதல் முட்டை இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் முட்டை, புத்தூர்க் கதை, அப்புறம் பதக்கம். காபி ஆறிப்போகிறது என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன்.