அத்தை பேருக்கு எடுத்த ரத்தம்

மணிக்கட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. யூனிபார்ம் பேண்ட்டை முறுக்கிப் பிழியப் பார்த்தாள். பாதி முறுக்கிலேயே விரல்கள் கைவிட்டன. ஈரத்துணி பொத்தென்று வாளிக்குள் விழுந்தது. அதோடு சேர்ந்து வயிற்றில் அந்தப் பழைய இழுப்பு, யாரோ குடலைப் பிடித்துக் கயிறு திரிப்பது மாதிரி. மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாளித் தண்ணீர் பென்சில் கரி கரைந்தது போலக் கிடந்தது.

வாசல் கதவு படாரென்று திறந்தது. மணி பத்து. ஷிப்ட் முடிய நாலு மணி நேரம் இருக்கும்போது மாமியார் வீட்டுக்குள் வந்து நிற்கிறாள் என்றால், யாராவது செத்திருக்க வேண்டும், இல்லை வேலை போயிருக்க வேண்டும்.

"என்னடி பண்ணின என் ரத்தத்தை?"

கையிலிருந்த சீட்டு மருமகளின் மடியில் வந்து விழுந்தது.

"அம்பத்தெட்டு! நாப்பதைத் தாண்டினா உள்ள விடமாட்டான்னு தெரியும்ல? மூணு மாசம் வீட்ல கிடன்னு அனுப்பிட்டான். சம்பளம் கிடையாது. எதைடி தின்னு தொலைச்ச?"

"நீங்க தின்னதைத்தான் அத்தை நானும் தின்னேன்."

"வாய் மட்டும் குறையல."

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். கம்பெனிச் சங்குக்கு முன்னால் அவள் குரல்தான் தெருவை எழுப்பும். அதனால் பெயரே சைரன். சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு என் சின்ன மச்சினன்தான் குடுக்கிறான். இருபதைத் தாண்டினது இல்ல. நல்ல சரக்கு. உங்க சரக்கு கெட்டுப்போச்சுக்கா."

விஷயம் இதுதான். மாமியார் பேட்டரிக் கம்பெனியில் ஈயத் தகடு அடுக்குகிறவள்; பத்தொன்பது வருஷமாக. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தில் ஈயம் நாற்பதைத் தாண்டினால் ஆளை வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பது சட்டம். விலக்கி வைத்த நாளில் அந்த ஆள் என்ன சாப்பிடுவது என்பதைச் சட்டம் எழுதினவர் யோசிக்கவில்லை. ஆகவே தெரு ஈயத்துக்குப் பயப்படவில்லை, ஊசிக்குப் பயந்தது. கம்பெனிக்குள் கால் வைக்காத ஒரு ஆள், பதிலுக்கு ரத்தம் கொடுக்க, வீட்டுக்கு வீடு தயாராக இருந்தது. தொப்பியும் முகமூடியும் மாட்டினால் கண் மட்டும்தானே தெரியும்? கார்டில் போட்டோ கிடையாது, எண் மட்டும்தான். சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்த வீட்டில் அப்படி ஆள் இல்லாமல்தான் மாமியாருக்கு ஒரு தடவை எழுபத்தொன்று வந்து, ஐந்து மாதம் அடுப்பு சரியாக எரியாமல் கிடந்தது. அந்தப் பசி தீர்ந்த கையோடு மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினாள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி, ஆற்றுக்கு மேல்பக்கம் போய்ப் பார்த்தாள். "நகை வேணாம், பணம் வேணாம், சீர் வேணாம். பொண்ணு நோய் நொடி இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். இப்படியும் ஒரு சம்பந்தி கிடைப்பாளா என்று பெண்ணைப் பெற்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். எதற்கு அந்த ஆரோக்கியம் என்று மருமகளுக்குக் கல்யாணமான நாற்பதாவது நாள் தெரிந்தது. கேன்டீன் ஹாலில் வரிசையில் நின்று கையை நீட்டினாள். "அம்பது வயசுக் கையா இது?" என்று நர்ஸ் கேட்க, சூப்பர்வைசர் சிரித்தார். "எங்க கம்பெனில வேலை செஞ்சா வயசு குறையும் சிஸ்டர்."

அன்றிலிருந்து நாலு தடவை.

மாமியார் கத்தி ஓய்ந்து படுத்துவிட்டாள். மருமகள் அலமாரி மேலிருந்த தகர டப்பாவை இறக்கினாள். சீட்டுகளைச் சேர்த்து வைப்பாளே தவிர, பாஸான சீட்டில் மாமியார் எண்ணைப் பார்த்ததில்லை. 'தகுதி' என்று முத்திரை விழுந்திருக்கிறதா என்பதுதான் அவளுக்கு. மருமகள் இன்றைய சீட்டையும் சேர்த்து நாலையும் தேதிப்படி தரையில் வைத்தாள்.

ஆறு. பத்தொன்பது. முப்பத்து மூன்று. ஐம்பத்தெட்டு.

கம்பெனி வாசலை அவள் ரத்தம் கொடுக்க மட்டும்தான் தாண்டியிருக்கிறாள். ஒரு தகட்டைக்கூடத் தொட்டதில்லை. தொட்டதெல்லாம் இரண்டு யூனிபார்ம்: அத்தையுடையது ஒன்று, அதே கம்பெனியில், ரத்தம் எடுக்காத லோடிங் பிரிவில் இருக்கும் புருஷனுடையது ஒன்று. தினமும் சாயங்காலம் பின்கட்டில் நின்று உதறுவாள். சாம்பல் நிறத்தில் பொடி பறக்கும், தொண்டையில் இனிக்கும். பிறகு ஊறவைத்துத் துவைப்பாள். முன்பு கம்பெனிக்குள்ளேயே சலவை அறை இருந்ததாம். மெஷின் கெட்டதும் பூட்டிவிட்டு, மாதாமாதம் சோப்புக் காசு என்று சம்பளத்தோடு கொடுக்க ஆரம்பித்தார்கள். 'வேலை உடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள்' என்ற பலகை மட்டும் பூட்டின கதவில் இன்னும் தொங்குகிறது.

மூன்றாவது சீட்டின் தேதியில் அவள் கண் நின்றது. அதற்கு அடுத்த வாரம்தான் மூன்று மாதக் கரு கலைந்து போனது. "நோய் நொடி இல்லாத பொண்ணுன்னு கட்டிக்கிட்டு வந்தோம்" என்று மாமியார் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது நாள் தள்ளி இருபது நாள். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தவள், வாளியைப் பார்த்தாள். அடியில் கறுப்பாகப் படிந்திருந்தது.

சாயங்காலம் புருஷன் வந்தான். செருப்பைக் கழற்றும் முன்பே மாமியார் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"வியாழக்கிழமை மறுபடி எடுக்கிறாங்க. கவர்மெண்ட் ஆபீசர் வர்றாராம். அதுல பாஸானா அன்னைக்கே உள்ள விட்டுடுவான். இவ தங்கச்சிய வரச் சொல்லு. ஒரு மாசம் இங்க இருக்கட்டும். வீட்டு வேலைக்கும் கூடமாட ஆகும்."

"அவளுக்குப் பத்தொன்பது வயசு" என்றாள் மருமகள்.

"ஒரு துளி ரத்தம் குடுத்தா கரைஞ்சா போயிடுவா?"

"எனக்கு அம்பத்தெட்டு எப்படி வந்துச்சுன்னு யோசிச்சீங்களா, அத்தை? நான் உங்க துணியை மட்டும்தானே துவைச்சேன்."

மாமியார் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். கை ஆடி, பாதித் தண்ணீர் மார்பில் சிந்தியது. அவளுக்கு எத்தனை இருக்கும்? எண்பதா? நூறா? இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாது.

"துணி துவைச்சா நோய் வரும்னு எவடி சொன்னா? நான் உள்ளேயே நிக்கிறேன், எனக்கென்ன கேடு வந்துச்சு?" ஈறு தெரிய இளித்தாள். பல்லோரம் ஈயத்தின் நீலக்கோடு ஓடியது.

புருஷன் தரையைப் பார்த்தான். "அம்மா சம்பளம் இல்லாட்டி வாடகைக்கே ஆகாதுடி. ஒரு தடவைதானே."

மருமகள் டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு, "சரி. தங்கச்சிய நேரா கம்பெனி வாசலுக்கே வரச் சொல்லிடறேன். கார்டையும் தொப்பியையும் குடுங்க" என்றாள்.

மாமியார் முகம் தெளிந்தது. "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கத்தப்போறேன்?"

தங்கைக்கு அவள் போன் செய்யவே இல்லை.

வியாழக்கிழமை கேன்டீன் ஹாலில் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் ஆபீசர், பக்கத்தில் நர்ஸ், ஜன்னல் பக்கம் திரும்பியபடி சூப்பர்வைசர். மாமியார் கேட்டுக்கு வெளியே டீக்கடை நிழலில் இருந்தாள். எண்ணைக் கூப்பிட்டதும் தொப்பியும் முகமூடியுமாக ஒருத்தி முன்னால் வந்து உட்கார்ந்தாள். நர்ஸ் ரப்பர் பட்டையை எடுத்தாள்.

அவள் முகமூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இது என் மாமியார் கார்டு சார். கை என்னோடது. நாலு தடவையும் என் கைதான். நான் இந்தக் கம்பெனில ஒரு மணி நேரம்கூட வேலை செஞ்சதில்ல."

வரிசையில் ஒருத்தன் மெதுவாகக் கழன்று வெளியே போனான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"ஏய், யாரு நீ? எந்திரி!" சூப்பர்வைசர் இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பினார்.

ஆபீசர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கெட்ட மனுஷன் இல்லை. பேனாவைத் திறந்து, "உங்க தொழிலாளி எண் என்னம்மா?" என்றார்.

"எனக்கு எண் இல்ல சார். நான் வீட்ல துவைக்கிறவ."

ஆபீசர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "எண் இல்லாதவங்களை இதுல ஏத்த வழியில்லையேம்மா. சட்டம் தொழிலாளிக்குத்தான்."

அதையும் அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். காலடியில் இருந்த பையைத் திறந்து, துவைக்காத யூனிபார்ம் ஒன்றை எடுத்தாள். சட்டைப் பையில் சிவப்பு நூலால் எண் தைத்திருந்தது.

"இதுக்கு எண் இருக்கு சார். கம்பெனியே தைச்சுக் குடுத்தது. இதை ஏத்துங்க."

சொல்லிக்கொண்டே, தினமும் செய்கிற பழக்கத்தில் இரண்டு தோளையும் பிடித்து ஓங்கினாள்.

"உதறாதே!" சூப்பர்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் பாய்ந்தார். "அறிவில்லையா உனக்கு? அது விஷம்!"

மருமகள் சட்டையை ஓங்கியபடியே நின்றாள்.

"ரெண்டு வருஷமா தூங்குற இடத்துக்குப் பக்கத்துல இதை உதறிட்டிருக்கேன். அப்ப சோப்புக் காசு குடுத்தீங்களே ஒழிய, உதறாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

ஆபீசர் பேனாவின் முனை காகிதத்தில் ஊன்றியபடியே இருந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை வாங்கி, சட்டையை அவளையே உள்ளே வைக்கச் சொல்லி, வாயைக் கட்டி, எண்ணையும் நேரத்தையும் எழுதினார். சூப்பர்வைசர் சொன்னதையும் எழுதினார்.

மருமகள் குனிந்து நர்ஸின் காதில் இருபது நாள் கணக்கைச் சொன்னாள். நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "படிவம் கிடக்கட்டும். கையை நீட்டு" என்று பட்டையைக் கட்டி, வெற்று லேபிளில் பெயரைக் கேட்டு எழுதினாள். அந்த ஹாலில் அவள் கொடுத்த ரத்தத்தில் ஐந்தாவது இது. அவள் பெயரில் முதலாவது.

"இந்தக் கார்டுக்கு உரியவங்களைக் கூப்பிடுங்க" என்றார் ஆபீசர்.

மாமியார் வாசற்படி வரைக்கும் வந்தாள். மேஜைமேல் கட்டிக் கிடந்த சட்டையைப் பார்த்தாள், மருமகள் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். "குடியைக் கெடுத்துட்டியேடி" என்றாள், சத்தம் எழும்பவில்லை. நர்ஸ் எண் ஒட்டிய காலிக் குப்பியைத் தூக்கிக் காட்டி, "வாங்கம்மா, ஒரு நிமிஷம்தான்" என்று கூப்பிட்டாள். மாமியாரின் வலது கை தானாக ஆடியது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, திரும்பி கேட்டைப் பார்த்து நடந்தாள்.

மருமகள் அவள் பின்னால் ஓடவில்லை. தொப்பியை மடித்து மேஜையில் வைத்தாள்.

அந்த எண்ணுக்கு இரண்டு வருஷத்தில் நாலு தடவை ரத்தம் எடுத்ததாகக் கம்பெனி ஏட்டில் இருக்கிறது. நாலும் மருமகளுடையது. மாமியார் கொடுக்க வேண்டிய ரத்தம் இன்னும் பாக்கி.