முகமூடி மாமா

வேன் தொழிற்சாலை வளைவில் திரும்பும்போதே வேலப்பன் பார்த்துவிட்டான். இறங்கியவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சைச் சட்டை. சட்டையில் அவன் படம்.

முகம் தெரியாது. முகமூடி, மஞ்சள் பூட்ஸ், முதுகில் மருந்து டாங்கி, இடது கையில் நீட்டிய மருந்தடிக்கும் கம்பி. கோலாலம்பூர்த் தேயிலைப் பிரியர்களின் கூட்டம் அது. வருஷத்துக்கு ஒருமுறை மலையேறி வந்து, இலை வாங்கி, தேநீர் ருசி பார்த்துவிட்டுப் போகும்.

மூன்று வருஷத்துக்கு முன் எஸ்டேட் ஒரு விளம்பரப் படம் எடுத்தது. கூடையோடு ஒரு பெண். கீழே, 'இலை, மழை, வேறொன்றுமில்லை.' அன்று மேல் சரிவுக்கு யாரும் போகக் கூடாது என்று கங்காணி சிவசாமி வந்து சொல்வதற்குள் வேலப்பன் களைமருந்தைக் கலக்கிவிட்டிருந்தான். கலக்கியதை மறுநாளைக்கு வைக்க முடியாது. கால்வாயில் ஊற்றலாமென்றால் கீழே குடிதண்ணீர். பனிக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று மேலே போய் அடித்து முடித்தான். பனி பாதியில் விலகியது அவனுக்குத் தெரியாது. படத்தை அச்சடித்தவர்கள் பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்றவனைப் பார்க்கவில்லை. பிரியர்கள் பார்த்தார்கள்.

விளம்பரத்தைச் சீக்கிரமே கழற்றிவிட்டார்கள். சிரிப்பு நிற்கவில்லை. யார் வீட்டுக் கல்யாணப் படமானாலும் மாப்பிள்ளைக்குப் பின்னால் முகமூடி மாமாவை ஒட்டினார்கள். டீ கசந்தால், "மாமா கைபட்டிருக்கு."

படத்தில் இருப்பது யாரென்று ஆபீஸ் கேட்டபோது, "வங்காளதேசத்து ஆளு தொரை, ஊருக்குப் போயிட்டான்" என்று சிவசாமி முடித்துவைத்தார். அந்தப் பொய்யை நம்பித்தான் வேலப்பனும் அவன் மனைவி சீதாவும் இன்னும் லயத்து வீட்டில் இருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். இடது கையால் மருந்தடிப்பவன் எஸ்டேட்டிலேயே அவன் ஒருவன்தான்.

காலையிலேயே சீதா சொன்னாள். "இன்னிக்கு ஒடம்பு சரியில்லன்னு எம்சி எடுத்துட்டு வீட்ல இருங்க லா."

"போன வருசமும் அவங்க வந்த அன்னிக்குத்தான் எம்சி. ஆபீஸ் கிராணிக்கு சந்தேகம் வராது?"

இப்போது கூட்டம் மானேஜரோடு பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்த சிவசாமி அவனைக் கடக்கும்போது உதட்டை அசைக்காமல், "ஸ்டாரு, கைய மாத்து" என்றார்.

வேலப்பன் கம்பியை வலது கைக்கு மாற்றினான். யாரோ ஒருவருடைய கை போல இருந்தது.

கூட்டத்தின் தலைவி நளினி டீச்சர் நின்றாள். "அண்ணே, ஒரு போட்டோ. எங்க மாமா மாதிரியே இருக்கீங்க."

"இவரு வலது கைக்காரரு டீச்சர்," என்றான் பின்னாலிருந்து ஒருவன். "மாமா லெப்ட்டு லா."

"அட, ஆமா. அவரு இப்ப எங்க இருக்காரு, தெரியுமா அண்ணே?"

"ஊருக்குப் போயிட்டாரு." முகமூடிக்குள் மூச்சு சுட்டது.

"டாங்கில என்ன?" என்றார் மானேஜர்.

"கழுவின தண்ணிதான் தொரை."

"அப்ப அடிச்சுக் காட்டு. பாக்கட்டும்."

பழகாத கைக்கு விசை பிடிபடவில்லை. கம்பி வழுக்கித் தாழ்ந்து, புல்லை விட்டுவிட்டு அவன் பூட்ஸிலேயே தண்ணீரைப் பீய்ச்சியது. பச்சைச் சட்டைகள் எல்லாம் குலுங்கின. நளினி கைதட்டினாள்.

மானேஜர் சிரிக்கவில்லை. நனைந்த பூட்ஸைப் பார்த்தார். பிறகு மெல்லக் கண்ணை உயர்த்தினார். டாங்கியின் பக்கத்தில், வேலப்பனின் இடது கை, இல்லாத விசையை அழுத்துவதுபோல, காற்றில் தானாக விரிந்து விரிந்து மூடிக்கொண்டிருந்தது.