சிவப்பு மையில் ஒரு பெயர்

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லோகப்பிரியா ஆறு வருடமாக லேப் டெக்னீசியன். ரத்தம், சிறுநீர், சளி, எந்தப் பரிசோதனையாக இருந்தாலும் அவள் ஒருத்திதான். சளியில் காசநோய்க் கிருமி தெரிந்தால் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராகச் சிவப்பு மையால் எழுதவேண்டும். நீல மை என்றால் நோய் இல்லை என்று பொருள்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாசாணம் என்ற பெயரில் இரண்டு பேர் சளி கொடுத்துவிட்டுப் போனார்கள். மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிள்ளைக்குப் பேர் வைப்பது அந்தப் பக்கத்தில் சகஜம். ஒருவர் தேங்காய் நார் மில்லில் வேலை செய்பவர். வயது நாற்பத்தேழு, எண் 163. இன்னொருவர் கொப்பரைக் களத்துக் கூலி. வயது நாற்பத்தொன்பது, எண் 164. அன்றைக்கென்று காய்ச்சல் முகாமும் சேர்ந்து நல்ல கூட்டம். மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடித்ததும் 163க்கு நேராகச் சிவப்பு மையில் எழுதினாள். மில் மாசாணத்துக்கு மறுநாளே மாத்திரை ஆரம்பித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கவேண்டிய அடுத்த பரிசோதனைக்குத் தேதி வராமல் இழுத்துக்கொண்டிருந்தது.

பதினோரு நாள் கழித்து, சரிபார்ப்புக்கு அனுப்பவேண்டிய ஸ்லைடுகளை அடுக்கும்போது 163ஐ எடுத்து ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு 164ஐ வைத்தாள். நீலப் பரப்பில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் சிதறிக் கிடந்தன.

டீ சாப்பிடக் கூப்பிட வந்த பார்மசிஸ்ட் அனீஸ் அவள் முகத்தைப் பார்த்து, "என்னாச்சுங்க?" என்றான். அவள் பதிவேட்டையும் ஸ்லைடையும் காட்டினாள். அனீஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ரெண்டு பேரையும் திரும்ப வரச் சொல்லி இன்னொருக்கா சளி வாங்குங்க. இப்ப சரியா எழுதிப்போடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

கெட்டவன் இல்லை அவன். அவளுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குச் சிரமமாக இருந்தது. கால்மணி நேரம் அந்த யோசனையோடு உட்கார்ந்திருந்தாள். அப்படிச் செய்தால், பதினோரு நாள் எதற்காக மாத்திரை தின்றோம் என்று மில்காரருக்குக் கடைசிவரை தெரியாது. களத்துக்காரர் தன்கூட யார் யார் இருந்தார்கள் என்று யோசிக்கமாட்டார். எழுந்து மருத்துவ அலுவலர் மெஹராஜின் அறைக்குப் போனாள்.

டாக்டர் மெஹராஜ் கோயமுத்தூர் கோட்டைமேட்டைச் சேர்ந்த பெண்மணி. அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டு ஸ்லைடையும் தானே பார்த்துவிட்டு, "வண்டியில ஏறு. மொதல்ல ரெண்டு ஊட்டுக்கும் போலாம். மத்தது அப்புறம்" என்றார்.

மில் மாசாணம் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி. அவர் மனைவி பழனியாத்தாளிடம் டாக்டர் பேச வாயெடுத்தபோது லோகப்பிரியா முந்திக்கொண்டாள்.

"தப்பு நான் பண்ணுனதுங்க. இவருக்கு அந்த நோயே இல்லீங்க. வேற ஒருத்தர் ரிசல்ட்டை இவரு பேருக்கு எழுதிட்டேன்."

பழனியாத்தாள் அவள் பக்கம் திரும்பினாள். "மில்லுல ஆறு மாசத்துக்கு வரவேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. ரெண்டு புள்ளைகளையும் உடுமலையில எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிப்போட்டேன். இஸ்கூல் போயி பத்து நாளாச்சு. பக்கத்து ஊட்டுக்காரங்க வாசல்ல நிக்கறதில்ல. இத்தனைக்கும் ஒரு வார்த்தையில தப்புன்னு சொல்றயா அம்மணி?"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியலீங்க."

"எங்கிட்டச் சொன்னா ஆச்சா? மில்லுல வந்து சொல்லு. இந்த வீதியில சொல்லு."

மாசாணமும் கட்டிலில் இருந்தபடியே தலையை ஆட்டினார். டாக்டரும் லோகப்பிரியாவும் அன்றே மில்லுக்குப் போனார்கள். மேஸ்திரியும் வேலையாட்களும் இருக்கும்போதே லோகப்பிரியா நின்று சொன்னாள். சாயங்காலம் அந்த வீதியில் ஏழு வீடுகளில் சொன்னாள்.

களத்து மாசாணத்தின் வீடு இன்னும் கஷ்டமாக இருந்தது. நோய் இல்லை என்று இருமல் மருந்து மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் மகள் யுவஸ்ரீ வேலைக்குப் போகும்போது மூன்று வயதுக் குழந்தையை அவரிடம்தான் விட்டுவிட்டுப் போவாள்.

"அப்ப பதினோரு நாளா எம்புள்ளைய இவருகிட்ட உட்டுட்டுப் போயிருக்கறேனுங்களா?" என்று கேட்டாள்.

அவருக்கு அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். குழந்தையைப் பரிசோதித்ததில் நோய் இல்லை. தடுப்பு மருந்து மட்டும் போதும் என்றார்கள். அந்த முடிவு வரும்வரை நான்கு நாள் லோகப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் டாக்டர் மெஹராஜ் அவளுக்கு மெமோ கொடுத்தார். விளக்கம் எழுதிக் கொடுத்தாள். காரணம் என்று கூட்டத்தைச் சொல்லவில்லை. ஒரே பெயரில் இருவர் இருந்ததைக் கவனிக்கவில்லை என்று எழுதினாள். கீழே இன்னொன்றும் எழுதியிருந்தாள்: இனி சளிக் குப்பியில் பெயரோடு அப்பா பெயரையும் போன் நம்பரின் கடைசி நான்கு எண்களையும் எழுதி, வந்தவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம், படிக்கத் தெரியாதவருக்கு நாமே படித்துக் காட்டலாம். அப்படியே செய்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் ஒரே பெயரில் வந்தவர்கள் பதினான்கு ஜோடி. ஒன்றுகூட மாறவில்லை.

மாசி மாதம் வட்டாரத்தில் இருந்து கடிதம் வந்தது. காசநோய் தினத்தன்று சிறந்த பணியாளர்களுக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார்கள், நிலையத்துக்கு ஒரு பெயர் அனுப்பவேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த பெயரைப் பார்த்து ஆபீஸ் உதவியாளர் லட்சுமணசாமி பேனாவை மூடிவைத்தார்.

"மேடம், அந்தம்மா மேல மெமோ இருக்குதுங்க."

"தெரியுமுங்க. குடுத்ததே நான்தானே."

"மெமோ இருந்தா மேல இருக்கறவங்க தள்ளிருவாங்கங்க."

"அப்ப மெமோவையும் அவ குடுத்த விளக்கத்தையும் சேத்தே அனுப்புங்க. அதுக்காகத்தான் அவ பேரு போவுது."

விஷயம் தெரிந்ததும் லோகப்பிரியா டாக்டரிடம் வந்து, தனக்கு வேண்டாம் என்றாள். "தப்பு பண்ணுனதுக்குப் பரிசான்னு சிரிப்பாங்க மேடம்."

"சிரிக்கட்டும். நம்ம லேபுல தப்பே நடக்கலைன்னு எழுதி அனுப்பற சென்டர் எத்தனை இருக்குது? நான் அதை நம்பறதில்ல."

அவளுக்கு மனசு ஆறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பழனியாத்தாள் வீட்டுக்குப் போனாள். மாசாணம் மில்லுக்குத் திரும்பியிருந்தார். பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பழனியாத்தாள் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் முறத்தைத் தள்ளிவைத்து உட்கார இடம் விட்டாள்.

லோகப்பிரியா விஷயத்தைச் சொல்லி, "நீங்க வேண்டாம்னா நான் வாங்கலீங்க" என்றாள்.

பழனியாத்தாள் நாலைந்து கொட்டைகளைத் தட்டி எடுத்தாள். "நாங்க பட்டது பட்டதுதான் அம்மணி. அது கேடயம் குடுத்தா போயிராது. எம்பட பையன் இன்னமும் கணக்குல பின்னாடி கெடக்கறான்." பிறகு அவளே தொடர்ந்தாள். "ஆனா நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா, நாங்க அத விதின்னு இருந்திருப்போம். வாங்கிக்கோ. மைக்குல எங்க பேரு மட்டும் வரக்கூடாது."

"வராதுங்க."

"சொன்னா போதாது. எழுதறவங்ககிட்டச் சொல்லிவெய்யி."

லோகப்பிரியா மறுநாளே லட்சுமணசாமியிடம் சொல்லி, விழாவில் படிக்கப்போகும் தாளை வாங்கிப் பார்த்தாள். ஊர்ப் பெயரைக்கூட அடித்து நீக்கச் சொன்னாள்.

விழா ஒன்றிய அலுவலகத்துக் கூட்ட அறையில் நடந்தது. கிராம சுகாதார செவிலியர் ஒருவருக்கு, மருந்தை நடுவில் நிறுத்திய பதினெட்டுப் பேரைத் திரும்பக் கூட்டி வந்ததற்காக முதல் கேடயம். நல்ல கைதட்டல். அடுத்து லோகப்பிரியாவின் பெயர். "தம் பரிசோதனையில் நேர்ந்த பிழையைத் தாமே கண்டறிந்து, பாதிக்கப்பட்டவர்களிடம் நேரில் தெரிவித்து, மீண்டும் நேராமல் முறை வகுத்ததற்காக" என்று மைக்கில் படித்தார்கள். பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அனீஸ் எழுந்து நின்று கைதட்டினான். பிறகு மற்றவர்களும் தட்டினார்கள், முன்னவருக்குத் தட்டிய அளவுக்கு இல்லை. அவள் கேடயத்தை வாங்கிக்கொண்டு குனிந்த தலையோடு வந்து உட்கார்ந்தாள். மனம் லேசாக இருந்தது.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் நரைத்த தலை அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். வேறொரு நிலையத்து லேபில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் வெங்கடம்மாள்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தை மாசத்து ரிஜிஸ்டர்ல ஒரு நம்பர் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்குது. ஸ்லைடு இன்னும் வெச்சிருக்கறேன். தனியாப் பாக்கப் பயமா இருக்குதுங்க. ஒருக்கா வந்து எங்கூட ஒக்காந்து பாப்பீங்களா?"

"இன்னைக்கே வாரேனுங்க" என்றாள் லோகப்பிரியா.

டாக்டரிடம் சொல்லிவிட்டு, கேடயத்தை அனீஸிடம் கொடுத்து அனுப்பினாள். அவளும் வெங்கடம்மாளும் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தார்கள்.