சிடியைத் தொடாதே

எங்க வீட்டுக்காரர் கையில ஒரு சிடி மாட்டுச்சுன்னா அதுக்கு ராஜ மரியாதைதான். படுக்க வைக்கக் கூடாது, நிக்கத்தான் வைக்கணும். நடுவுல விரல் படக் கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்கணும். வட்டமா துடைக்கக் கூடாது, உள்ளேர்ந்து வெளியே நேராத் துடைக்கணும். வெயில் ஆகாது, ஈரம் ஆகாது. கட்டின பெண்டாட்டியை ஒரு நாள் இப்படித் தாங்கியிருப்பாரா? ம்ஹூம்!

அதுலயும் என் நெஞ்சு ஸ்கேன் சிடி இருக்கே, அது பீரோ மேல்தட்டுல, கறுப்புத் துணிக்குள்ள. நாலு வருஷமா பூதம் மாதிரி காவல். ஒரு நாள் துணி அடுக்குறப்ப என் கை லேசா பட்டதுக்கு, "தொடாதே, தொடாதே!"ன்னு முகமெல்லாம் சோப்பு நுரையோட ஓடி வந்தார். எரிச்சல்ல அந்தப் பீரோவையே தள்ளி விடலாம்னு வந்துச்சு.

இப்ப அந்த சிடிக்கு வேலை வந்துடுச்சு. திரும்ப இருமல் வந்து, புது ஸ்கேன்ல நுரையீரல்ல ஒரு புள்ளி தெரியுது. "பழைய ஸ்கேன்லயும் இதே அளவு இருந்திருந்தா சும்மா விட்டுடலாம். வளர்ந்திருந்தா நெஞ்சைத் திறந்து எடுக்கணும்"னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பழைய ரிப்போர்ட்ல 'சின்னப் புள்ளி, பயமில்லை'ன்னு ஒரே வரி. எவ்வளவு சின்னதுன்னு எழுத அந்த மகராசனுக்குக் கை வலிச்சிருக்கும் போல. அந்த ஸ்கேன் சென்டரையும் இழுத்து மூடிட்டாங்க.

இவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு சிடியை நீட்டினார். டாக்டரம்மா கம்ப்யூட்டர்ல போட்டாங்க. கர்ருன்னு சுத்துச்சு, ஒண்ணும் வரலை. வெளியே எடுத்து விளக்குக்கு நேரா பிடிச்சாங்க. அங்கங்க வெளிச்சம் ஊடுருவி வந்துச்சு.

"மேல ஸ்டிக்கர் இருந்துச்சா? உரிச்சீங்களா?"

"ஆமா. ஓரமா கொஞ்சம் பெயிண்ட் வந்துச்சு. ஆனா அடிப்பக்கம் ஒரு கீறல் கிடையாது டாக்டர்!"

"அது பெயிண்ட் இல்லை சார். படமெல்லாம் இருக்கிறது மேல்பக்கத்துப் பூச்சுலதான். ஸ்டிக்கரோட அதுவும் உரிஞ்சு வந்துடுச்சு."

ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை, புள்ளியை எடுத்துடறதுதான் நல்லதுன்னு சொல்லி எங்களை வெளியே உட்கார வெச்சாங்க. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. செத்துப்போன சிடிக்கா மனுஷா நாலு வருஷம் காவல் இருந்தே!

"உரிச்சே ஆகணும்னு அப்படி என்னங்க தலையெழுத்து? அது உங்களை என்ன பண்ணுச்சு?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "அதுல, எதுக்காக ஸ்கேன்னு போடற இடத்துல 'புற்று சந்தேகம்'னு எழுதியிருந்துச்சு. நீ பார்த்தா உடைஞ்சு போயிடுவியேன்னு அன்னைக்கே உரிச்சுட்டேன்."

"அட கடவுளே! கவுன்ட்டர்ல அதை வாங்கினது யாரு? நான்தானே? அங்கேயே படிச்சுட்டேன். நீங்க பார்த்துடக் கூடாதுன்னு கவுத்துப் பிடிச்சுக் கொடுத்தேன்."

சட்டுன்னு நிமிர்ந்தார். "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் தெரியாத மாதிரியே சிரிச்சுக்கிட்டு இருந்தியே?"

"நீங்க மட்டும் என்னவாம்?"

கத்தணும்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நர்ஸ் வந்து, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டா. நான் எழுந்திருக்கலை.

"எனக்குப் பயமா இருக்குங்க"ன்னேன்.

"எனக்கும்தான்"னார்.