பாப்பா தூங்க ஒரு ஃபேக்டரி

ஷண்முகப்ரியா வயிற்றில் பிள்ளை இருந்த ஒன்பது மாதமும் கீர்த்திவாசன் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி இறங்கவில்லை. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரைச் சுரண்டக் கூடாது, வெள்ளை அடிக்கக் கூடாது என்பது பொள்ளாச்சியில் இருக்கும் மாமியார் வீட்டுக் கண்டிப்பு. கீர்த்திவாசனுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. கோத்தகிரிக்குக் கீழே ஒரு டீ ஃபேக்டரியில் அவனுக்குக் கிளார்க் வேலை. ஞாயிற்றுக்கிழமை கம்பளிக்குள் சுருண்டு கிடக்கச் சாஸ்திரமே அனுமதி கொடுத்தால் யாருக்குக் கசக்கும்?

ஷண்முகப்ரியா சுருண்டு கிடக்கிற ஆள் இல்லை. அடிக்க முடியாத ஆணிகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போன பிறகும் நோட்டு வளர்ந்துகொண்டே இருந்தது. கடிதமாக மலையேறி வந்தது. 'பெண் குழந்தை, மூன்றே கால் கிலோ, உங்கள் மூக்கு' என்று எழுதியவள், அடுத்த வரியிலேயே 'ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் சாமந்தி மஞ்சள்' என்று எழுதியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. பச்சை தெரியாத நேரத்தில் பனிமூட்டம். வீட்டுக்குள்ளாவது கொஞ்சம் வெயில் இருக்கட்டும் என்று அவளுக்கு ஆசை.

ஆசைக்குப் பின்னால் ஒரு அக்காவும் இருந்தாள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த ரேணுகா, ஹால் சுவரின் ஓதத்தை விரலால் தொட்டு, முகர்ந்து, "ஃபேக்டரிக்குப் பொறத்தால, இந்தச் சொவுத்துக்குள்ளயா என்ற தங்கச்சி குடித்தனம் பண்ணப் போறா?" என்று கேட்டிருந்தாள். அது நடந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஷண்முகப்ரியா அதை ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை. குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷத்தைப் பொள்ளாச்சியில் வேண்டாம், மலையில் எங்கள் வீட்டில்தான் என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தாம் மாதம் வரவேண்டியவள் மூன்றாம் மாதமே வந்து சேர்ந்தாள். காரணம் குழந்தை. பொள்ளாச்சியில் அது தூங்கவே இல்லை. மிளகாய் சுற்றிப் போட்டார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், கடைசியில் டாக்டரிடமும் காட்டினார்கள். குழந்தை எல்லோரையும் வெறித்துப் பார்த்தது. ஜீப்பை விட்டு இறங்கிக் குவார்ட்டர்ஸ் வாசற்படியில் கால் வைத்த அந்த நிமிஷம், அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்தியது. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் தூங்கிப்போனது. நான்கு மணி நேரம் தூங்கியது.

குவார்ட்டர்ஸும் ஃபேக்டரியும் முதுகோடு முதுகு ஒட்டியவை. ஃபேக்டரி மாடியில் பச்சை இலையைத் தட்டுகளில் பரப்பி வாட்டுவதற்கு இரண்டு ராட்சச ஃபேன்கள். பெரியது அடித்தொண்டையில் முனகும். சின்னது அதற்கு மேலே மெல்லியதாக இழுக்கும். இலை வந்த நாளெல்லாம் விடாமல் ஓடும். வயிற்றுக்குள் ஏழு மாதம் இந்தக் கச்சேரியைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்குப் பொள்ளாச்சியின் தென்னந்தோப்பு அமைதி ஒத்துக்கொள்ளவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆக, வீட்டு வேலைக்கு ஒரு சட்டம் வந்தது. ஃபேன் ஓடினால் குழந்தை தூங்கும். குழந்தை தூங்கினால் சுவர் சுரண்டலாம், பட்டி பூசலாம், ஆணி அடிக்கலாம். ஆணி அடிக்கிற சத்தத்துக்கெல்லாம் அது அசையாது. ஃபேன் நின்றால் மட்டும் கண்ணைத் திறந்து, யார் நிறுத்தியது என்று கேட்கிற மாதிரி பார்க்கும். அதற்குப் பிறகு இரண்டு பேரின் நான்கு கைகளும் அதற்குத்தான்.

அந்த வருஷம் தேயிலை விலை விழுந்து கிடந்தது. பச்சை இலையைப் பறிக்கிற கூலிக்கே விலை காணாமல் சிறு விவசாயிகள் செடியைப் பார்த்துக் கைகட்டி நின்றார்கள். ஃபேக்டரி வாரத்தில் ஆறு நாள் ஓடியது நான்காகி, மூன்றானது. பேப்பரில் பெரிய மனிதர்கள் ஏதேதோ காரணம் எழுதினார்கள். ஷண்முகப்ரியா பேப்பர் படிப்பதில்லை. ஆறு நாள் ஓடியபோது சமையலறை முடிந்தது. நான்கு நாள் ஓடியபோது படுக்கையறை இழுபறியாக முடிந்தது. மூன்று நாளானபோது அவள், "ஏனுங்க, டீ வெல இன்னும் எறங்கிருச்சுங்களா?" என்று கேட்டாள். நீலகிரி மாவட்டத்திலேயே சந்தை நிலவரத்தைப் பட்டிக்கரண்டியால் அளந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை கோயமுத்தூரிலிருந்து முதலாளி வடிவேல் போன் செய்தார். நல்ல மனிதர், கெட்ட செய்தியையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார்.

"கீர்த்தி, இனிக் கட்டாதுப்பா, ஃபேக்டரியை மூடிர்றேன். நாளையிலிருந்து எலை வாங்க வேண்டாம். ஆளுங்களுக்கு இப்பத்திக்கு லீவுன்னு சொல்லி வெய்யி. அடுத்த வாரம் நானே நேர்ல வந்து சொல்லிக்கறேன். அதுவரைக்கும் உன்னோட இருக்கட்டும்."

"குவார்ட்டர்ஸுங்க?"

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணினாப் போதும். அவசரமில்ல."

மாசக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது. கீர்த்திவாசன் வீட்டுக்கு வந்தான். ஷண்முகப்ரியா ஒரு தோளில் குழந்தையும் ஒரு கையில் பெயிண்ட் ஷேடு கார்டுமாக ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். வீட்டில் பாக்கி இருந்தது அந்த ஒரு சுவர்தான். ஞாயிற்றுக்கிழமை விசேஷம். "எப்பங்க ஃபேன் ஓடும்?" என்று கேட்டாள். "ரெண்டு நாள் லீவு" என்றான். பயம்தான், வேறொன்றும் இல்லை. மூன்று வருஷமாக அவள் மனதில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, 'இது இனி நம்முடையது இல்லை' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

செவ்வாய் குழந்தை தூங்கவில்லை. புதனும் தூங்கவில்லை. புதன் மாலை ஷண்முகப்ரியா உப்பு டப்பாவைப் படுக்கையிலும் குழந்தையின் குல்லாவை அரிசிப் பானையிலும் வைத்துவிட்டு, இரண்டையும் தேடிக்கொண்டிருந்தாள். பெயிண்டர் சின்னராஜ் வியாழக்கிழமை ஒருநாள்தான் வர முடியும் என்று சொல்லியிருந்தான். வெள்ளி முதல் அவனுக்குக் கேத்தியில் வேறொரு வீட்டு வேலை.

வியாழன் காலையில் கீர்த்திவாசன் காத்தமுத்துவைத் தேடிப் போனான். மாடி ஃபேன்களைக் கவனிக்கிறவர் அவர். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி வந்து, முப்பது வருஷமாக இலை வாட்டிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, ஒரு ரெண்டு மணி நேரம் ஃபேனைப் போடோணுங்க."

"எலை வந்திருக்கா கிளாக்கரய்யா?"

"இல்லீங்க. சும்மா போடோணும். பாப்பா தூங்கறதுக்கு."

காத்தமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தார். "வெறும் தட்டுக்குக் காத்தடிச்சு எனக்குப் பழக்கமில்ல" என்றார். பிறகு சாவியை எடுத்தார். "புள்ளை தூங்குறதுக்குன்னா மாட்டேன்னு சொல்லவும் ஏலாது."

ஃபேன் இரண்டும் சேர்ந்து எழுந்தன. தூளிக்குள் இருந்த குழந்தை ஒரு கொட்டாவி விட்டுக் கண்ணை மூடியது. ஷண்முகப்ரியா நின்ற இடத்திலேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது வியர்வை இல்லை. சின்னராஜ் வாளியில் சாமந்தி மஞ்சளைக் கலக்கினான். கீர்த்திவாசனும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டான். ஒன்றரை மணி நேரத்தில் பாதிச் சுவரில் வெயில் அடித்தது.

அப்போதுதான் கேட்டில் ஹாரன் கேட்டது.

கீர்த்திவாசன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஒரு பிக்கப் வேன். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் தலையில் இலை மூட்டையோடு ஏழெட்டுப் பெண்கள், இன்னும் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷமாக இந்த ஃபேக்டரியில் கிளார்க்காக இருக்கிறவன், ஊருக்கே தெரிந்த ஒன்றை மறந்துபோயிருந்தான். மேட்டில் இருக்கிற நான்கு ஹட்டி, அதாவது படுகர் கிராமங்களின் ஆட்கள் போன் போட்டுக் கேட்பதில்லை, போர்டு பார்ப்பதில்லை. ஃபேன் சத்தம் கேட்டால் இலை வாங்குகிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்குக் காற்று வேறு மேல்முகமாக அடித்தது.

தலையில் மஞ்சள் பொட்டுகளோடு, கையில் பிரஷ்ஷோடு அவன் கேட்டுக்குப் போனான். முன்னால் நின்றவர் போஜன். அரை ஏக்கர்காரர், எப்போதும் முதல் மூட்டை அவருடையது.

"எடை போடுங்க சார். நாலு நாளா எங்கேயும் வாங்கல. சத்தம் கேட்ட உடனே பறிச்சிட்டு ஓடி வாரோம்."

"மிஷின் கொஞ்சம் பழுதுங்க" என்றான் கீர்த்திவாசன்.

எல்லோரும் அண்ணாந்து மாடியைப் பார்த்தார்கள். இரண்டு ஃபேனும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன.

இனிப் பொய் சொல்ல அவனுக்குக் கற்பனை இல்லை. "எலைக்குப் போட்டதில்லீங்க. எங்க பாப்பா தூங்கறதுக்குப் போட்டது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. போஜன் அந்தப் பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டு, "சரி, நாளைக்கு வாங்குவீங்களா?" என்று கேட்டார்.

"நாளைக்கும் இல்லீங்க. இனிமேலே இல்லீங்க. ஃபேக்டரியை மூடறாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான். படிக்கட்டில் காத்தமுத்து நின்றிருந்தார். குவார்ட்டர்ஸ் பின்வாசலில் ஷண்முகப்ரியா நின்றிருந்தாள். முப்பது வருஷக்காரருக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே நேரத்தில், ஊருக்கு நடுவில் நின்று சொல்லியிருக்கிறான்.

"பறிச்ச எலையத் திரும்பச் செடியில ஒட்ட முடியுமா சார்?" என்றார் போஜன். கோபமில்லை. உண்மையிலேயே வழி கேட்பவர் போலக் கேட்டார்.

காத்தமுத்து இறங்கி வந்து, முதல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிக்குப் போனார். போகிற வழியில், "வந்த எலையைத் திருப்ப எனக்கு ஏலாது. மொதலாளிகிட்ட நீங்களே கதைச்சுக்கங்க" என்றார். பெண்கள் வரிசையாக அவர் பின்னால் ஏறினார்கள்.

கீர்த்திவாசன் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னான். "பாப்பாளுக்கா?" என்றார் வடிவேல். "சரி, தட்டுல போட்டது போட்டாச்சு. அரைச்சு முடிச்சு, விக்கற வெலையை அவங்களுக்குக் குடுத்துரு. அதோட சாத்து. காத்தமுத்துகிட்ட நான் வந்து பேசறேன்."

அந்த இலைக்காக ஃபேன் மறுநாள் காலை வரை ஓடியது. குழந்தை பால் குடிக்க எழுந்த நேரம் போக மொத்தமும் தூங்கியது. சாமந்தி மஞ்சள் இரண்டு கோட்டிங் ஏறிவிட்டது. சின்னராஜ் போகும்வரை ஷண்முகப்ரியா தரையில் சிந்திய மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன பிறகு கேட்டாள். "திங்கக்கெழமையே தெரியுமுங்களா?"

"ம்."

"தெரிஞ்சுதான் நீங்களும் பிரஷ்ஷைப் புடிச்சீங்களா?"

"ஆமா."

"அடிக்கறதா வேண்டாமான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க. அடிக்கச் சொல்லித்தான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்." அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே தூளியை ஒருதடவை ஆட்டிவிட்டாள். "ஞாயித்துக்கெழமை எங்கக்காகிட்ட நீங்கதான் சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன். மறைக்கவும் மாட்டேன்."

ஞாயிறு காலை வேன் நிறையப் பொள்ளாச்சி வந்து இறங்கியது. ரேணுகா நேராக ஹாலுக்கு வந்து, எதிர்ச்சுவரை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் ஜன்னலுக்குப் போனாள்.

"பரவால்லியே, ஊடு லட்சணமா இருக்குது. முன்னாடி ஒரே எரைச்சலா இருந்துச்சு, இப்ப என்ன அமைதி! இந்த மாதிரி எடத்தை உட்டுட்டு வரவே மனசு வராது."

குழந்தை வீறிட்டது. பேர் வைக்கிற வரைக்கும் அழுதது, பேர் வைத்த பிறகும் அழுதது. மடி மாறியது, தூளி மாறியது, கிலுகிலுப்பை மாறியது. கீர்த்திவாசன் பந்திக்கு இலை போட்டான், தண்ணீர் வைத்தான், போட்ட இலையை எடுத்துத் திரும்பப் போட்டான். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், வேன் ஏறும்போது சொல்லலாம் என்று நினைத்தான். பிறகு போனில் சொல்லலாம் என்று நினைத்தான். ஷண்முகப்ரியா அவனை ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

"ஏனுங்க தம்பி, இத்தனை அமைதியான ஊட்டுல புள்ளை ஏன் இப்படி அழுகுது?" என்றாள் ரேணுகா.

கீர்த்திவாசன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான்.

"ஃபேக்டரியை மூடிட்டாங்க அக்கா. அதான் அழுகுது."

பந்தியில் கைகள் நின்றன. "இந்த ஊட்டையும் மாசக் கடைசியில காலி பண்ணோணும்" என்று அதையும் சேர்த்துச் சொன்னான். ரேணுகா சுவரைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"அப்பறம் எதுக்குடி சொவுத்துக்கு அடிச்சே?"

"பாப்பாளுக்குப் பேர் வெக்கற அன்னிக்கு ஊடு ஊடாட்ட இருக்கோணுமில்ல" என்றாள் ஷண்முகப்ரியா.

அக்காவின் மடியிலிருந்து குழந்தையை வாங்கித் தூளியில் போட்டாள். உதட்டை மூடிக்கொண்டு மெல்லியதாக, விடாமல், சின்ன ஃபேன் மாதிரி இழுத்தாள். குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்தி, காதைக் கொடுத்தது. போதவில்லை, மறுபடி முகம் கோணியது. அவள் இப்போதுதான் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாளைக்குப் பிறகு முதல் பார்வை அது.

கீர்த்திவாசன் பந்தியை அப்படியே விட்டுவிட்டுத் தூளிப் பக்கம் வந்து உட்கார்ந்தான். பெரிய ஃபேனின் குரல் அவனுக்குத்தான் வரும்.