குட்டி மீன்களுக்கு ஒரு மறைவு

தம்பி வாயைத் திறந்து ஒன்று கேட்டான் என்பதே அக்காவுக்குப் பெரிய விஷயம்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கூடவே வேலை பார்த்த பெரியவர் ஒருவரை அவன் அண்ணே என்று கூப்பிடுவான். சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூட இருவரும் மாற்றிக்கொள்வார்கள். ஒரு கட்டடத்தில் பழுது பார்க்கப் போனபோது, இவன் மேலே டார்ச் பிடித்து நிற்க, அண்ணன் லிஃப்ட் குழிக்குள் இறங்கினார். கால் வழுக்கியது. டார்ச் வெளிச்சம் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டார். விசாரணை நடந்து, யார் மேலும் தப்பில்லை என்று முடிந்தது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தான். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவே இல்லை.

அக்காவும் கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். எதற்கும் அவனிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: "பரவால்லக்கா."

மாடி வீட்டுக்காரர்கள் வீடு மாறிப் போனபோது ஒரு மீன் தொட்டியை இவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். வைக்க வேறு இடமில்லாமல் அக்கா அதைத் தம்பியின் அறையில் வைத்தாள். அடியில் கொஞ்சம் கூழாங்கல், மேலே ஒரு விளக்கு, உள்ளே குட்டி போடுகிற சில கப்பி மீன்கள், அவ்வளவுதான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் சில நாளில் தொட்டியைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து பார்த்தான். அதுவே அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அன்று அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அறைக்குள்ளிருந்து அவனே கூப்பிட்டான்.

"அக்கா, குட்டி போட்டுச்சுக்கா."

ஓடிப்போய்ப் பார்த்தாள். குட்டி எதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"எங்கடா?"

"தின்னுடுச்சுங்க. பெத்த தாயும் சேந்து தின்னுது. ஒவ்வொண்ணா கண்ணாடியோரமா ஓடுச்சுக்கா. ஒளிஞ்சுக்க எடமே இல்ல." அவன் கண்ணாடியில் விரலை வைத்து குட்டிகள் ஓடிய வழியைக் காட்டினான். "இன்னொண்ணு வயிறு உப்பி நிக்குது பாரு. ஏதாச்சும் செடி வாங்கிட்டு வர்றியா?"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நிலவைக் கேட்டிருந்தாலும் ஏணியோடு கிளம்பியிருப்பாள்.

வேலை முடிந்த கையோடு மீன் கடைக்குப் போனாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவே ஒடுங்கிய கடை. மோட்டார்களின் குமிழிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன மனிதர் கடைக்காரர்.

"குட்டி போடுற மீனுக்குச் செடி வேணும்" என்றாள். அகலமான இலையோடு பச்சைப் பசேலென்று நின்ற ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"அத வைங்கம்மா. அது பாக்க அழகு, அவ்ளோதான். நடு ரோட்ல தூணுக்குப் பின்னால ஒளிஞ்ச கதையாயிடும். சுத்தி வந்து பிடிச்சிடும்."

"அப்போ பிளாஸ்டிக் செடி? வாடாதுல்ல."

"வாடாது. குட்டியோட வாலக் கிழிச்சுடும்." அவர் ஒரு தொட்டிக்குள் கைவிட்டு, சிக்கெடுக்காத தலைமுடி போன்ற பச்சைக் கொத்து ஒன்றைத் தூக்கினார். "இதான் ஜாவா பாசி. பெரிய மீன் தலைய விட்டா மாட்டிக்கும். குட்டி உள்ள பூந்து போயிடும். கல்லுல கட்டி அடியில போடுங்க. சில குட்டி பொறந்ததும் அடியில போய் விழும், சிலது நேரா மேல ஓடும். அதனால மேலயும் ஒண்ணு வேணும்." மிதக்கிற செடி ஒன்றைக் காட்டினார். அதன் வேர்கள் தாடி போலத் தொங்கின. "இந்த வேருக்குள்ள பூந்துடுச்சுன்னா அம்மாக்காரியே தேடினாலும் கெடைக்காது."

சந்தையில் கீரை வாங்குவது போல அவள் அழுத்திப் பார்த்து, பிரித்துப் பார்த்து, நெருக்கமாக இருந்த கொத்துகளாகப் பொறுக்கினாள். அவர் பையைக் கட்டிக் கொடுக்கும்போது சொன்னார், "நத்தை முட்டை ஒட்டியிருக்கும். நல்லாக் கழுவிட்டுப் போடுங்கம்மா."

எப்படிக் கழுவுவது என்று அவர் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில், ரத்தமும் சீழும் பட்ட துணிகளை வெளுத்து வெளுத்தே நகம் தேய்ந்தவள் அவள். கழுவுவதற்கு அவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்து, துணிக்கு ஊற்றுவது போல ப்ளீச் ஊற்றிச் செடிகளை முக்கி வைத்தாள். பிறகு நல்ல தண்ணீரில் அலசினாள். போர்வையையே அலசுகிற கைக்கு ஒரு கொத்துப் பாசி எம்மாத்திரம்? துணியென்றால் முறுக்கிப் பிழிந்திருப்பாள். செடி நசுங்கிவிடுமே என்று பிழியாமல் விட்டாள்.

தம்பி அறையை விட்டு வெளியே வந்தான். சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நூல் கேட்டு வாங்கி, பாசியைக் கல்லில் சுற்றிக் கட்டினான். எத்தனை நாள் கழித்து அந்த விரல்கள் வேலை செய்கின்றன! ஒரு முடிச்சு போட்டு இழுத்துப் பார்த்து, போதாமல் இன்னொன்று போட்டான்.

"லிஃப்டுக்கா கட்டுற? பாசிடா அது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவன் சிரித்தான். பல் தெரியவே சிரித்தான்.

தொட்டி காடு போல ஆனது. இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். மீன்கள் இங்கும் அங்கும் விர்ரென்று பாய்ந்தன, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாருடா, செடியப் பாத்ததும் என்னா ஆட்டம் போடுதுங்க!"

"ம்" என்றான் அவன். கொஞ்சம் யோசனையோடுதான் சொன்னான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

காலையில் அவள் எழுந்து வந்தபோது அவன் தொட்டியின் முன் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பெரிய மீன்கள் எல்லாம் மேலே வெளிறி மிதந்தன. வயிறு உப்பியிருந்த மீன் இப்போது ஒட்டிய வயிற்றோடு கிடந்தது.

"குட்டியும் போட்டிருக்குக்கா" என்றான். "இங்க பாரு."

பாசியின் இழைகளுக்குள்ளே, வேர்களின் தாடிக்குள்ளே, கண்ணும் வாலும் மட்டுமேயான சின்னச் சின்ன உடல்கள் அசையாமல் சிக்கி நின்றன. ஒன்றைக்கூட எதுவும் தின்றிருக்கவில்லை.

"எல்லாம் நல்லா ஒளிஞ்சிருக்குக்கா."

அவள் தொட்டிக்குள் கையை விட்டுப் பாசியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. அவள் மூக்குக்கு ப்ளீச் வாசனை என்றைக்கோ மரத்துப்போயிருந்தது. தம்பியிடம் நீட்டினாள்.

"என்னமோ வாசன வருதாடா?"

"நேத்தே வந்துச்சுக்கா. உன் கை வாசனைன்னு நெனச்சேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்டா. நான்தான் கொன்னுட்டேன். ப்ளீச்சுல போட்டேன்டா, சுத்தமா இருக்கட்டும்னு... ஏதாச்சும் சொல்லுடா. திட்டு. தூக்கிப் போட்டு ஒடைடா இத!"

அவன் அவளுடைய ஈரக் கையைத் தன் சட்டையில் துடைத்துவிட்டான்.

"விடுக்கா. யார் மேலயும் தப்பில்ல."

அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொற்களை அவன் எங்கே கேட்டுக்கொண்டு வந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவன் எழுந்து கட்டிலில் ஏறி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மீன்களை அவள்தான் அள்ளினாள். குட்டிகளைப் பாசியிலிருந்து பிரிக்க முடியவில்லை. சேர்த்தே எடுத்துச் சுருட்டிக் கட்டினாள். பிறகு வேலைக்குப் போனாள், போகாமல் முடியாது. அன்று முழுக்க ப்ளீச் கேனைத் தூக்கி ஊற்றும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் "கண்ணுல தெறிச்சிடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

திரும்பும் வழியில் மீன் கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "வெறும் தண்ணிலம்மா! வெறும் தண்ணில அலசத்தான் சொன்னேன்." அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சரி, விடுங்க. தொட்டியத் தேச்சுக் கழுவி, தண்ணிய ஒரு நாள் பிடிச்சு வச்சு அப்புறம் ஊத்துங்க. வேற ஜோடி தரேன். பாசியும் தரேன்."

வீட்டில் மூடி வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ் போட்டிருக்கிறானா என்று பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, வேற மீன் வாங்கலாமாடா? கடைக்காரர் தரேங்கறாரு. இந்த வாட்டி நான் எதையும் தொடமாட்டேன். நீயே கழுவு, நீயே போடு."

கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

"வேணாம்க்கா" என்றான். "அதுங்க பாவம்."

அவள் கதவை விட்டு நகரவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.