பதினோரு மணிக் கசப்பு

கிரேன்காரரின் மனைவி தின்ற சாக்லேட் அவள் வாயில்தான் கரைந்தது. கசந்தது கிரேன்காரரின் வாயில். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் நிறைந்த அன்று, மாலை ஆறேகாலுக்கு, சமையலறை மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் உட்கார்ந்திருந்தபோது இது நடந்தது. அவர் அதுவரை ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் நாக்கு எட்டிக்காயாய்க் கசந்து முகம் கோணிப்போனது. அவளுக்கோ ருசி என்று ஒன்றுமே தட்டுப்படவில்லை. "நல்லாருக்குங்க" என்றாள். பொய்தான், ஆனால் ஆசையாக வாங்கி வந்தவரிடம் வேறென்ன சொல்வாள்.

பெட்டியை வாங்கிய இடத்திலேயே தப்பு தொடங்கிவிட்டது. கட்டடம் எழும்பும் இடத்தில், கிரேன் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில் பொழுதெல்லாம் தனியாக உட்கார்ந்திருப்பவர் அவர். தரையில் நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்லும் சிக்னல்காரன்தான் அவருக்கு ஊர், உலகம் எல்லாம். அண்ணிக்கு எதையாவது வாங்கிக்கொண்டு போகச் சொல்லிக் கிளப்பிவிட்டவனும் அவன்தான். கடைப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: "அவங்களுக்கு எது பிடிக்கும் சார்? பால் சேத்ததா, பருப்பு வச்சதா?" இருபது மாடி உயரத்திலிருந்து கம்பிக் கட்டை ஓர் அங்குலம் பிசகாமல் இறக்கத் தெரிந்த மனிதருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. "இருக்கறதுலயே விலை கூடினது குடுங்க" என்றார். அந்தக் கடையில் விலை ஏற ஏறக் கசப்பும் ஏறும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வாரச் சம்பளத்துக்குப் பன்னிரண்டு துண்டுக் கசப்பை, தங்க நிறக் காகிதம் சுற்றி, நாடா கட்டி வாங்கி வந்தார்.

மறுநாளிலிருந்து அவள் எதை வாயில் வைத்தாலும் அதன் ருசி கூண்டுக்கு ஏறி வந்தது. அவள் ஒரு தையல் கூடத்தில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பவள். காலையில் அவருக்கு ஒன்றும் வரவில்லை. பச்சைத் தண்ணீரோடு வேலைக்குப் போயிருக்கிறாள். இடையிடையே நூலின் ருசி வந்தது, ஊசியில் கோக்குமுன் நுனியை நனைக்கிறாள். மூன்றரை மணிக்கு மேல்தான் சோறு வந்தது, அதுவும் முந்தின நாள் மிச்சம், லேசாகப் புளித்தது. பத்தொன்பது வருடம் ஒரே பானைச் சோற்றைத் தின்றும் தெரியாமல் இருந்ததெல்லாம் ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போதாததற்குத் தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரு கசப்பு வந்தது. சாக்லேட்டைத் திருட்டுத்தனமாகத் தின்கிறாளாக்கும் என்று முதலில் சந்தோஷப்பட்டார். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் மீதிப் பதினொன்றும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"பதினோரு மணிக்கு என்ன சாப்பிடுற?" என்று கேட்டார்.

"யாரு சொன்னா?"

"என் நாக்கு சொல்லுது."

அவள் பைக்குள் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். இதயத்துக்கான மாத்திரை, இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறாள். ஒரு நாள் தவறினாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று அவர் சத்தம் போட்டதற்கு, "அவ்ளோ உசரத்துல உக்காந்திருக்கீங்க. என்னை நெனச்சு உங்க கை நடுங்கினா, கீழ நிக்கறவங்க கதி என்ன ஆகும்?" என்றாள். அன்றிரவு அவர் அழுதார். அழுவதை அவளும் பார்த்தாள்.

வாயில் ருசி தெரியாததற்கு மாத்திரைதான் காரணம் என்றார் டாக்டர். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு இருவரும் திரும்பி வந்தார்கள். பிறகு குடும்பம் ஒரே நாக்கில் ஓடியது. அவள் கரண்டியை வாயில் வைப்பாள். கூடத்திலிருந்து அவர், "உப்பு கம்மி" என்பார். காலையில் அவள் சாப்பிட்டது நாக்குக்கு எட்டாமல் அவர் செருப்பை மாட்டுவதில்லை. விருந்தாளிகளுக்கு நீட்டி நீட்டிச் சாக்லேட் பெட்டியும் காலியாகி வந்தது. எடுத்தவர்கள் எல்லாரும் நல்லாருக்கு என்றார்கள், ஒருவரும் இரண்டாவது எடுக்கவில்லை. வேலையிடத்தில் பதினோரு மணிக்குக் கிரேன் நிற்கும். கசப்பு வந்ததும் நகரும். ஒன்பதாம் மாடி எழும்பியபோது மேஸ்திரி முணுமுணுத்தார், பதினாறாம் மாடியில் அவரும் அந்நேரத்துக்கு டீ குடிக்கப் பழகிவிட்டார்.

இருபத்து மூன்றாம் மாடிக்குக் கம்பி ஏறிக்கொண்டிருந்த நாளில் பதினோரு மணி ஆகியும் கசப்பு வரவில்லை. கொக்கியில் கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கியது. பதினொன்றேகால் ஆயிற்று. "அண்ணே, எறக்கிடுங்களேன்" என்றான் சிக்னல்காரன். அவர் கையை விரித்துப் பார்த்தார். நடுங்கியது. "இருப்பா" என்றார். கம்பிக்குக் கீழே நின்றவர்களைச் சிக்னல்காரன் விலக்கி நிறுத்தினான். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

பதினொன்று நாற்பதுக்குக் கசப்பு வந்தது. மாத்திரையின் காய்ந்த கசப்பு. அதன் பின்னாலேயே, பெட்டியில் மிஞ்சியிருந்த கடைசிச் சாக்லேட்டின் கசப்பும் வந்தது. மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டு எடுக்கத் திரும்பியவள், அவர் பயந்திருப்பாரே என்று அதையும் வாயில் போட்டிருக்கிறாள். அவர் இரண்டு கசப்பையும் சப்புக் கொட்டி விழுங்கினார். கை நின்றது. கம்பிக் கட்டு பிசகாமல் இறங்கியது.

அன்று மாலை அவர் அதே கடைக்குப் போனார். கடைப் பெண் அடையாளம் கண்டு, "அவங்களுக்குப் பிடிச்சிருந்ததா சார்?" என்று கேட்டாள்.

"பிடிக்கலம்மா" என்றார் கிரேன்காரர். "அதையே குடுங்க."